ரோட்டைப் பற்றிக் கேட்டதற்கு ஸ்டேஷனுக்குக் கூப்பிடுகிறார்கள்!

வாசகர் கேள்வி

தென் மாவட்டப் பேரூராட்சி ஒன்றில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். ஊரும் ஆளும் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

ஊர்ப் பெயரில் ஒரு ஃபேஸ்புக் பக்கம் நடத்துகிறார். தன் பெயரை அதில் எங்கும் போட்டதில்லை. தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்திருக்கிறது என்று எழுதி, அதனால் சில வேலைகள் நடந்தும் இருக்கின்றன. அவர் தெருவில் போட்ட புது சிமெண்ட் சாலை முதல் மழைக்கே ஓரத்தில் பெயர்ந்துவிட்டது. பெயர்ந்த இடத்தில் டேப்பை வைத்து அளந்து போட்டோ எடுத்தார். நான்கு அங்குலம்கூட இல்லை. ஆறு அங்குலத்துக்குத்தான் எஸ்டிமேட் போட்டிருக்கிறது என்று ஒரு கவுன்சிலர் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். போட்டோவைப் போட்டு, “செயல் அலுவலரும் இன்ஜினியரும் கான்ட்ராக்டரும் கூட்டுச் சேர்ந்து மக்கள் பணத்தைத் தின்றுவிட்டார்கள்” என்று எழுதினார். மறுநாள் இன்ஜினியரின் வீட்டைப் படம் எடுத்து, “இது யார் காசு?” என்று இன்னொரு பதிவு. வாசலில் நின்ற குழந்தையும் படத்தில் விழுந்திருக்கிறது. பேரூராட்சித் தலைவர் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பெண். முதல் பதிவின் கீழே ஒருவர் அவரைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டியிருக்கிறார். அதை வாசகர் நீக்கவில்லை. சிரிப்புக் குறி போட்டிருக்கிறார்.

இப்போது பேரூராட்சி சார்பில் வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது: 15 நாளில் மன்னிப்பு, 10 லட்சம் ரூபாய் நஷ்டஈடு. ஸ்டேஷனிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: “விசாரணைக்கு போனுடன் வரவும்.” அப்பாவின் டீக்கடைக்கு வந்த ஒருவர், “லைசென்ஸ் ரெனியூவல் வருதுல்ல, பார்த்துக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

“பேச்சுரிமை இருக்கிறதா, இல்லையா? 66ஏ பிரிவே செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டதே, அப்புறம் எப்படி என்னைக் கூப்பிடலாம்? கமெண்ட் போட்டது நான் இல்லையே? பேசாமல் பக்கத்தையே அழித்துவிட்டால் முடிந்துவிடுமா?” என்று கேட்கிறார்.

வழக்கறிஞர் பதில்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தெருச் சாலையின் கனம் எவ்வளவு என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. அதில் ஒரு துளி சந்தேகமும் வேண்டாம். அரசுப் பணத்தில் நடந்த வேலையை அளந்து பார்த்து நாலு பேருக்குச் சொல்வது குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் ஒரே மூச்சில் செய்த மூன்று காரியங்களைச் சட்டம் தனித்தனியாகத்தான் பார்க்கும். சாலையைப் பற்றி எழுதியது ஒன்று. இன்ஜினியரின் வீட்டைப் படம் போட்டது வேறு. சாதி வசவுக்குச் சிரித்தது முற்றிலும் வேறு. முதலாவதில் உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது, இரண்டாவதில் பலவீனம், மூன்றாவதில் நீங்கள் தவறு செய்திருக்கிறீர்கள். இதைப் புரிந்துகொண்டால்தான் இனி சொல்லப்போவது உங்களுக்குப் பயன்படும்.

66ஏ போய்விட்டது, மற்றவை இருக்கின்றன

2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்தது உண்மை. ‘தொல்லை தரும்’, ‘அசௌகரியம் ஏற்படுத்தும்’ என்றெல்லாம் எல்லையே இல்லாத சொற்களை வைத்து ஆட்களைக் கைது செய்துகொண்டிருந்தார்கள். 2012இல் மும்பை பந்த் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதியதற்கும் அதை லைக் செய்ததற்கும் பால்கரில் இரண்டு இளம் பெண்கள் கைதானதுதான் அந்த வழக்குக்கே தொடக்கம். விவாதிப்பதும், ஒரு கருத்துக்காக வாதாடுவதும் எவ்வளவு கசப்பாக இருந்தாலும் உரிமைதான், தூண்டிவிடும் நிலைக்குப் போகும்போதுதான் அரசு தலையிடலாம் என்று அந்தத் தீர்ப்பு கோடு போட்டது. அதற்குப் பிறகும் சில ஊர்களில் 66ஏ பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டிருந்ததால், 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. உங்கள் மேல் உள்ள எந்தக் காகிதத்திலாவது 66ஏ என்று இருந்தால் அதை மட்டும் வைத்தே உடைக்கலாம்.

ஆனால் அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(ஏ) தரும் பேச்சுரிமைக்கு 19(2) வரம்பு வைத்திருக்கிறது. அவதூறு, பொது ஒழுங்கு, குற்றத்துக்குத் தூண்டுவது எல்லாம் அந்த வரம்புக்குள் வருகின்றன. அவதூறு இன்னும் குற்றம்தான். 2016இல் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இப்போது அது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவு. அதிகபட்சம் 2 ஆண்டு. தனிப்பட்ட முறையில் அந்தச் சட்டம் எனக்கு உடன்பாடில்லை. அவதூறுக்குச் சிறை என்பது மக்களாட்சிக்குப் பொருந்தாது என்றே நினைக்கிறேன். ஆனாலும் இருக்கிற சட்டத்தை வைத்துத்தான் உங்களுக்கு ஆலோசனை சொல்ல முடியும்.

பேரூராட்சி 10 லட்சம் கேட்க முடியுமா?

இந்த இடத்தில் நீங்கள் தேவையில்லாமல் பயந்திருக்கிறீர்கள். நோட்டீஸ் யார் பெயரில் வந்திருக்கிறது என்று நன்றாகப் பாருங்கள். பேரூராட்சியின் பெயரிலேயே நஷ்டஈடு கேட்டிருந்தால் அதற்கான பதில் 1994லேயே எழுதப்பட்டுவிட்டது. நக்கீரன் பத்திரிகை ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட முயன்றபோது எழுந்த ஆர்.ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கு அது. அரசோ உள்ளாட்சி அமைப்போ தன்னை அவதூறு செய்ததாக நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. நம் மாநிலத்தில் பிறந்த தீர்ப்பு. ஆனால் பேரூராட்சிகளுக்கு நோட்டீஸ் எழுதித் தருகிறவர்களில் பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

அதே தீர்ப்பு அதிகாரிகளைப் பற்றியும் பேசுகிறது. அவர்கள் பதவியில் இருந்து செய்த காரியத்தைப் பற்றி நீங்கள் எழுதியது பின்னால் தவறு என்றே தெரிந்தாலும், உண்மையா பொய்யா என்று கவலையே படாமல் எழுதினீர்கள் என்று அவர்கள் நிரூபித்தால்தான் நஷ்டஈடு கிடைக்கும். நியாயமான அளவுக்குச் சரிபார்த்துவிட்டு எழுதினேன் என்று காட்டினால் உங்களுக்குப் போதும். இது சிவில் வழக்குக்கு. கிரிமினல் அவதூறிலும் விதிவிலக்குகள் உண்டு: பொது நன்மைக்காகச் சொன்ன உண்மை, அரசு ஊழியரின் பொதுக் கடமை பற்றி நல்லெண்ணத்தோடு சொன்ன கருத்து. சட்டத்தில் நல்லெண்ணம் என்றால் உரிய கவனத்தோடு செய்தது என்றுதான் பொருள். ‘மனசுல கெட்ட எண்ணம் இல்லீங்க’ என்பது மட்டும் போதாது.

இனி உங்கள் பதிவுக்கு வருவோம். டேப் வைத்து எடுத்த போட்டோ சரிபார்த்ததற்கு நல்ல சாட்சி. ஆனால் ‘ஆறு அங்குலம்’ என்பது ஒரு கவுன்சிலர் சொன்னது. எஸ்டிமேட்டை நீங்கள் பார்க்கவில்லை. ‘கூட்டுச் சேர்ந்து தின்றுவிட்டார்கள்’ என்பதற்கு உங்களிடம் எந்தக் காகிதமும் இல்லை. அதைவிட முக்கியம், கான்ட்ராக்டர் அரசு ஊழியர் இல்லை. ராஜகோபால் தீர்ப்பு அதிகாரிகளைப் பற்றிப் பேசும்போது உங்களுக்குத் தருகிற அந்தக் கூடுதல் பாதுகாப்பு அவர் விஷயத்தில் அப்படியே கிடைக்காது. நீங்கள் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து, அதாவது அவரிடமிருந்து வரும் வழக்குதான் உங்களுக்குக் கூடுதல் சிக்கல்.

இதையே வேறு மாதிரி எழுதியிருக்கலாம். “இன்ன தேதியில் இன்ன தெருவில் பெயர்ந்த இடத்தில் அளந்தேன், நான்கு அங்குலத்துக்குக் குறைவாக இருக்கிறது, படம் இதோ. எஸ்டிமேட்டில் எவ்வளவு? எம் புக்கில் (அளவுப் புத்தகத்தில்) எவ்வளவு என்று பதிந்து பில் போட்டிருக்கிறார்கள்? பேரூராட்சி பதில் சொல்ல வேண்டும்.” இதில் ஒரு சொல்லைக்கூட எந்தக் கோர்ட்டிலும் அவதூறு என்று நிற்க வைப்பது கஷ்டம். படிக்கிற ஊர்க்காரர்களுக்கும் கேள்வி கூர்மையாகப் புரிந்திருக்கும். அந்தப் பதிவைத் திருத்தி, திருத்தினேன் என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டுப் போடுங்கள். அது பின்வாங்குவது ஆகாது.

வீட்டுப் படத்தை எடுத்துவிடுங்கள். 2017இல் 9 நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொல்லிவிட்டது. அந்த வீடு சம்பளத்தில் கட்டியதா, கடனில் கட்டியதா, மாமனார் கொடுத்ததா உங்களுக்குத் தெரியாது. வருமானத்துக்கு மேல் சொத்து என்று உங்களுக்கு உண்மையிலேயே ஆதாரம் கிடைத்தால் அதைக் கொண்டுபோக வேண்டிய இடம் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம். குழந்தை நிற்கிற படத்தை ஊருக்கே காட்ட எந்தக் காரணமும் இல்லை.

அந்தச் சிரிப்புக் குறி

உங்கள் கடிதத்தில் இதை நீங்கள் ஒரு வரியில் கடந்துபோகிறீர்கள். என்னால் அப்படிக் கடக்க முடியவில்லை. ஒரு பக்கத்தை நடத்துகிறவர் அடுத்தவர் போட்ட ஒவ்வொரு கமெண்டுக்கும் தானாகவே குற்றவாளி ஆகிவிட மாட்டார் என்பது சரி. வாட்ஸ்அப் குழு அட்மின்கள் விஷயத்தில் பம்பாய், கேரள உயர் நீதிமன்றங்கள் அப்படித்தான் சொல்லியிருக்கின்றன. ஆனால் நீங்கள் பார்க்காமல் விட்டவர் இல்லை, பார்த்தீர்கள், சிரித்தீர்கள். நடிகர் எஸ்.வி.சேகர் பெண் பத்திரிகையாளர்களைப் பற்றி யாரோ எழுதியதைப் பகிர்ந்த வழக்கில், பகிர்வது அதை ஏற்றுக்கொள்வதற்குச் சமம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் சொன்னது. சிரிப்புக் குறி பகிர்வு ஆகுமா என்று நான் உங்களுக்காக வாதாடலாம். அந்த நிலைக்கு ஏன் போக வேண்டும்?

பட்டியல் சாதிகள், பழங்குடிகள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், பொதுமக்கள் பார்வையில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றம். இணையத்தில் திட்டினாலும் இந்தச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பு இருக்கிறது. முன்ஜாமீனுக்கு அந்தச் சட்டத்தின் 18ஆவது பிரிவு தடை போடுகிறது. உங்களுக்கு இருக்கும் ஆபத்துகளிலேயே பெரியது இதுதான், பேரூராட்சி நோட்டீஸ் அல்ல.

சட்டத்தை விட்டுவிட்டும் பேசுகிறேன். சாலையில் கனம் குறைந்ததற்குத் தலைவர் பதில் சொல்ல வேண்டும், கட்டாயம் சொல்ல வேண்டும். அவர் சாதி என்ன என்பதற்கும் சிமெண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தனித் தொகுதியில் ஜெயித்து வந்த ஒரு பெண், பதவியில் அமர்ந்த நாள் முதல் எதையெல்லாம் தாங்கிக்கொண்டு அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார் என்பது நம் ஊர்களில் யாருக்கும் தெரியாதது இல்லை. உங்கள் பக்கம் மக்களுக்காக என்றால் அவரும் அந்த மக்களில் ஒருவர். இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு அந்தக் கமெண்டை நீக்குங்கள், அந்த நபரைத் தடை செய்யுங்கள். இப்படிப்பட்ட வசவுகளுக்கு இங்கே இடமில்லை, அதை உடனே நீக்காமல் விட்டது என் தவறு என்று உங்கள் பக்கத்திலேயே எழுதுங்கள். நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டிய ஒரே ஆள் அந்தத் தலைவர்தான்.

ஸ்டேஷனுக்குப் போவது பற்றி

வாட்ஸ்அப்பில் வந்தது முறையான சம்மன் அல்ல. குற்றம் சாட்டப்பட்டவரை ஆஜராகச் சொல்லி, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 35ஆவது பிரிவில் தரும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அதற்காக, வந்ததைப் பார்க்காதது போல இருந்துவிடாதீர்கள். ‘எந்தப் புகார், சி.எஸ்.ஆர். (புகார் ரசீது) எண் என்ன, எந்தப் பிரிவு என்று எழுத்தில் கொடுங்கள், வழக்கறிஞரோடு வருகிறேன்’ என்று மரியாதையாகப் பதில் அனுப்புங்கள். வெறும் அவதூறு என்றால், மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்கவே முடியாது. போனைச் சும்மா கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். கைப்பற்றினால், அதை எழுதிப் பதிவு செய்யும் மகஜரின் நகல் கேளுங்கள்.

சில சமயம் அவதூறுக்குப் பதிலாக, பொய்த் தகவல் பரப்பிப் பொது அமைதியைக் கெடுத்ததாக பாரதிய நியாய சன்ஹிதாவின் 353ஆவது பிரிவைப் போடுவார்கள். அது ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவு, அதனால்தான் போடுகிறார்கள். உண்மை என்று நம்ப நியாயமான காரணம் இருந்து நல்லெண்ணத்தோடு சொன்னால் அது பொருந்தாது என்று அந்தப் பிரிவே விதிவிலக்குத் தருகிறது. 2025 மார்ச்சில் இம்ரான் பிரதாப்கடி என்ற எம்.பி.யின் கவிதை மீது போட்ட எஃப்.ஐ.ஆரை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், 3 முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள பேச்சு வழக்குகளில் முதலில் 14 நாளுக்குள் பூர்வாங்க விசாரணை நடத்துவதே பொருத்தம் என்று சொல்லியிருக்கிறது. பேச்சை எடைபோட வேண்டியது உறுதியான மனம் படைத்தவரின் பார்வையில், எதற்கெடுத்தாலும் அஞ்சுகிறவரின் பார்வையில் அல்ல என்றும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. உங்கள் வழக்கறிஞரிடம் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று: பெயர் போடாததால் யாருக்கும் தெரியாது என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். முறையாகக் கேட்டால் கணக்கின் விவரங்களை ஃபேஸ்புக் நிறுவனம் போலீசுக்குத் தரலாம். உங்கள் எண்ணுக்கே செய்தி வந்திருப்பதைப் பார்த்தால் ஊரில் ஏற்கெனவே தெரிந்துவிட்டது. இனி பெயர் போட்டே எழுதலாம் என்பது என் யோசனை, முடிவு உங்களுடையது.

பக்கத்தை அழிக்காதீர்கள். அழித்தால் வழக்கு போகாது; ஏற்கெனவே ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார்கள். உங்களைக் காப்பாற்றும் தேதிகளும் படங்களும்தான் போகும். அளவெடுத்த போட்டோவின் அசல் ஃபைலை அந்தப் போனிலேயே வைத்திருங்கள், ஒரு பிரதியைத் தனியாகவும் வையுங்கள். மின்னணு ஆதாரத்தைக் கோர்ட்டில் கொடுக்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆவது பிரிவின்படி சான்று தேவைப்படும். வாட்ஸ்அப்பில் பத்துக் கை மாறி வந்த படத்துக்கு அது கஷ்டம்.

அவர்கள் பதில் சொல்ல வேண்டியது

ஒரு தெருவாசி சாலையின் கனத்தைக் கேட்டால், எம் புக்கைத் திறந்து காட்டுவதுதான் பேரூராட்சியின் வேலை. வக்கீல் நோட்டீசுக்குச் செலவழிப்பதும் மக்கள் பணம்தான். அவதூறு வழக்குகளைக் குவிப்பது தமிழ்நாட்டு அரசுகளின் பழைய பழக்கம். 2020 மே மாதம் பத்திரிகையாளர்கள் மீது அப்படிப் போட்ட வழக்குகளை ரத்து செய்த நீதிபதி அப்துல் குத்தூஸ், அரசு குடிமக்களிடம் பெற்றோரைப் போலப் பொறுமை காட்ட வேண்டும் என்றும், சொன்னதை அப்படியே கொண்டுபோய்த் தாக்கல் செய்ய அரசு வழக்கறிஞர் தபால் நிலையம் அல்ல என்றும் எழுதினார். பேரூராட்சி அலுவலகங்களிலும் யாராவது அதைப் படித்துக்காட்ட வேண்டும்.

தகவல் உரிமைச் சட்டம் 2005இல் விண்ணப்பம் போடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். எஸ்டிமேட், வேலை உத்தரவு, எம் புக் பக்கங்கள், தரச் சோதனை அறிக்கை, பில் தொகை ஆகியவற்றின் நகல் கேளுங்கள். ‘ஏன் இப்படிச் செய்தீர்கள்?’ என்று கேட்காதீர்கள், அதற்கு அவர்கள் பதில் தர வேண்டியதில்லை. பலருக்குத் தெரியாத ஒன்று: அந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றளித்த மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது. அதையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வரவில்லை என்றால் முதல் மேல்முறையீடு, அதற்கும் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆவணம் கைக்கு வந்து கனம் குறைந்தது நிச்சயமானால் புகாரை, உள்ளாட்சி அமைப்புகள் மீதான புகார்களை விசாரிக்கும் உள்ளாட்சி முறைமன்ற நடுவத்துக்கு அனுப்பலாம். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுத்து ரசீது வாங்கலாம். எம் புக்கில் ஆறு அங்குலம் என்று எழுதி பில் எடுத்திருந்தால், அந்தப் பக்கத்தையும் உங்கள் டேப் போட்டோவையும் அருகருகே போடுங்கள். தின்றார்கள் என்று நீங்கள் எழுதவே தேவைப்படாது.

அப்பாவின் டீக்கடை பற்றிப் பயப்படாமல், ஆனால் கவனமாக இருங்கள். புதுப்பிக்கும் விண்ணப்பத்தைக் கடைசி நாள் வரை வைக்காமல் முன்கூட்டியே கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மறுத்தால் காரணத்தோடு எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். பழிவாங்கும் மறுப்பு என்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். மிரட்டியவர் யார், எந்தத் தேதி, என்ன சொன்னார், யார் கூட இருந்தார்கள் என்று அப்பாவிடம் கேட்டு இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

நோட்டீசுக்கு 15 நாளுக்குள் பதில் அனுப்பிவிடுவது நல்லது. சட்டப்படி கட்டாயம் இல்லை, ஆனாலும் பேசாமல் இருந்தால் பிறகு அதையே உங்களுக்கு எதிராகச் சொல்வார்கள். ஊரில் எந்த வக்கீலும் பேரூராட்சியைப் பகைத்துக்கொள்ளத் தயங்கினால், மாவட்டத் தலைநகரில் கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 எண்ணில் கூப்பிடுங்கள். போகும்போது நோட்டீஸ் வந்த கவரையும் எடுத்துப் போங்கள். அதில் உள்ள தபால் முத்திரைத் தேதியிலிருந்துதான் வழக்கறிஞர் நாள் கணக்கைப் பார்க்க ஆரம்பிப்பார்.